எட்டு மணி மாத்திரை

ஜெரார்டின் காதில் இருந்த புண்ணை முதலில் பார்த்தது அர்ஃபான்தான். அதுவும் எண்பது மீட்டர் தள்ளியிருந்து.

தெம்பனிஸ் பக்கம் புது வீடுகளுக்காக மண் நிரவிக்கொண்டிருந்த இடத்தில் அன்று இருவருக்கும் வேலை. அர்ஃபான் நில அளவையாளன். முக்காலியில் ஏற்றிய கருவியின் தொலைநோக்கியில் ஒற்றைக் கண்ணை வைத்து எண்களைப் படித்து எழுதிக்கொள்வான். எதிரே, தூரத்தில், ஆளைவிட இரண்டு மடங்கு உயரமான அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஜெரார்டின் வேலை. முப்பத்து மூன்று வருஷமாக அவர் செய்தது இந்த நிற்கிற வேலையைத்தான். பொங்கோலில், செங்காங்கில், கடலைத் தூர்த்த துவாஸ் மண்ணில், கருவிக்காரன் கையை உயர்த்தும்வரை அசையாமல் நின்றிருக்கிறார். நிற்பதுதானே என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். கோலின் முதுகில் பதித்த சின்ன வட்டக் கண்ணாடிக்குள் நீர்க்குமிழி நட்டநடுவில் நிற்கவேண்டும். காற்று வந்தால் கோல் ஒரு பக்கம் இழுக்கும். வியர்வை கண்ணில் இறங்கினாலும் கையை எடுக்க முடியாது. ஹெல்மெட் தலையை மறைக்கும். காது இரண்டும் வெயிலுக்குத்தான்.

அந்தத் தொலைநோக்கி எதையும் முப்பது மடங்கு பெரிதாக்கிக் காட்டும். கோலின் கோடுகளைத் தேடித் திருகிய அர்ஃபானுக்கு, கோலை ஒட்டி ஜெரார்டின் இடது காது கையை நீட்டினால் தொடலாம் போலத் தெரிந்தது. மேல்விளிம்பில் பாக்கைப் பாதியாக உடைத்து ஒட்டியதுபோல ஒரு தடிப்பு. நடுவில் வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. ஓர் ஈ வந்து அதன்மேல் உட்கார்ந்தது. ஜெரார்ட் விரட்டவில்லை. கையை எடுத்தால் குமிழி ஓடிவிடும்.

அர்ஃபான் வாக்கி டாக்கியை எடுத்தான்.

“அண்ணே, காதுல என்ன?”

“ஹெல்மெட் வார் உரசிருச்சுப்பா. நீ நம்பரைப் படி.”

“போன மாசமும் அதே இடத்துல பிளாஸ்டர் ஒட்டியிருந்தீங்க. வார் எங்கண்ணே காதுக்கு மேல வருது?”

“படிச்சியா இல்லையா?”

“படிச்சுட்டேன். நாளைக்குக் காலையில பாலிகிளினிக் போயிட்டு அப்புறமா வாங்க. இல்லன்னா அபிக்கு மெசேஜ் போட்டுருவேன் லா.”

அபி என்பது ஜெரார்டின் ஒரே மகள் அபிகேல். டோபி காட் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அவள் பெயரைச் சொன்னால்தான் ஜெரார்ட் வழிக்கு வருவார் என்பது அர்ஃபானுக்குத் தெரியும்.

பாலிகிளினிக்கில் பார்த்தவர் மறுபேச்சில்லாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஒரு துணுக்கை வெட்டி எடுத்து அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து ஜெரார்டைக் கூப்பிட்டுப் பேசியது தோல் டாக்டர் இல்லை. பல வருஷமாக அவருடைய சிறுநீரகத்தைப் பார்த்துவந்த டாக்டர் வைதேகி. கோயம்புத்தூர்க்காரர், நிதானமாகப் பேசுகிறவர். அபிகேலும் விடுப்புப் போட்டுக் கூட வந்திருந்தாள்.

“தோல்ல வர்ற கேன்சர் அங்கிள்,” என்றார் வைதேகி. “காதோட மேல்பாகத்தை எடுத்துடலாம். ஆனா நான் உங்களக் கூப்பிட்டது அதுக்கு மட்டும் இல்ல.”

“வெயில்ல நின்னதாலயா டாக்டர்?” என்று கேட்டாள் அபிகேல்.

“வெயிலும்தான். ஆனா நம்ம நிறத்துல இது அபூர்வம். வெயில் பட்டு எல்லார் தோல்லயும் தினமும் ஏதாவது கெட்டுக்கிட்டேதாம்மா இருக்கும். உடம்புல எதிர்ப்பு சக்தின்னு சொல்றோம்ல, அது சுத்தி வந்துக்கிட்டே இருக்கும். கெட்டது கண்ணுல பட்டா அன்னைக்கே அழிச்சிடும். நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. அப்பாவுக்கு அதைப் பதினாறு வருஷமா மாத்திரை குடுத்து அடக்கி வெச்சிருக்கோம்.”

“கிட்னிக்காக,” என்றார் ஜெரார்ட்.

“ஆமா. அது உங்க உடம்புல பொறந்ததில்ல. அடக்கலேன்னா இது வெளி ஆளுன்னு கண்டுபிடிச்சு அழிச்சிரும். அதனால எதையும் கண்டுக்காதேன்னு சொல்லி வெச்சிருக்கோம். அதுவும் சொன்ன பேச்சைக் கேட்டுக்கிட்டு இருக்கு. கிட்னியையும் கண்டுக்கல, காதுல இருக்கிறதையும் கண்டுக்கல.”

ஜெரார்ட் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவளுக்காகத் திறந்துவிட்ட கதவு வழியா இதுவும் உள்ள வந்துருச்சுன்றீங்க.”

வைதேகி கணினியிலிருந்து திரும்பினார். அவள் என்று யாரைச் சொல்கிறார் என்பது சற்றுப் பிந்தித்தான் புரிந்தது. கொடுத்தவர் மனைவி மிரண்டா என்று அந்தத் திரையிலேயே இருந்தது.

“மாத்திரையைப் பாதியாக் குறைக்கணும் அங்கிள்.”

“குறைச்சா அவளுக்கு?”

“கொஞ்சம் ரிஸ்க் கூடும். ரத்தம் பார்த்துக்கிட்டே இருப்போம்.”

மிரண்டா இறந்து நான்கு வருஷம் ஆகிறது. ஒரு சனிக்கிழமை காலை, தேக்கா மார்க்கெட்டில் அக்காள் ஜோசபினின் காய்கறிக் கடைமுன் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டு நின்றவள், “தலை ஒரு மாதிரியா இருக்குக்கா” என்று சொல்லிவிட்டுச் சரிந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. இரண்டு நாள் இருந்தாள். சுவா சூ காங் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

ஆனால் ஜெரார்டும் அபிகேலும் இருந்த கிளமெண்டி வீட்டில் யாரும் அவளை இறந்தவளாக நடத்தவில்லை. மாற்றுச் சிறுநீரகத்தை முதுகுப் பக்கம் வைப்பதில்லை. வலது அடிவயிற்றில், தோலுக்குச் சற்று உள்ளே வைப்பார்கள். உள்ளங்கையை அழுத்தினால் கெட்டியாகத் தெரியும். ஜெரார்ட் இடது பக்கமாகப் படுத்துத்தான் தூங்குவார். பேருந்தில் வலப்பக்கம் யாரும் இடிக்காதபடி வலது சன்னலோரம் போய் ஒண்டிக்கொள்வார். பெல்ட்டை இரண்டு துளை தளர்த்திப் போடுவார். தண்ணீர் குடிக்குமுன் “இந்தா” என்று மெல்லச் சொல்வது அவருக்கே தெரியாமல் பழகிவிட்டது. வேலைத்தளத்தில் கேட்டவர்கள் முதலில் தங்களிடம் ஏதோ நீட்டுகிறார் என்று நினைத்தார்கள்.

மிரண்டாவின் கைப்பேசியை அவர் மூடவில்லை. மாதாமாதம் அதற்குக் கட்டணம் போய்க்கொண்டிருந்தது. காலை எட்டு, இரவு எட்டு, இரண்டு வேளையும் மாத்திரைக்காக அவள் வைத்த அலாரம் அதில் அடிக்கும். சாப்பாட்டு மேசைமேல் கிடந்து அது அதிரும்போது அபிகேலுக்கு இன்னமும் தோள்பட்டை சிலிர்க்கும். அம்மா உள்ளறையிலிருந்து “போட்டாச்சா?” என்று கேட்பதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருக்குமே, அந்த இடைவெளி வந்துவிட்டுக் கேள்வி வராமல் போகும். ஜெரார்ட் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, “ஆச்சு” என்பார்.

ஜோசபினுக்கு இது எதுவும் விசித்திரமாகப் படவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓஃபிர் ரோட்டு லூர்து மாதா கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்து அவளும் இவர்களோடு கிளமெண்டிக்கு வருவாள். தங்கையின் பிறந்த நாளன்று ஜெரார்டின் சட்டைக்கு மேலாக அந்த இடத்தில் கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்பார். நிற்கத் தெரிந்த மனிதர்.

காதை அறுத்த பிறகு வந்த வியாழக்கிழமை, கடையைப் பக்கத்துக்காரரிடம் விட்டுவிட்டு ஜோசபின் மட்டும் வந்தாள். அபிகேலுக்குக் காலை ஷிப்ட். எவர்சில்வர் தூக்கில் உப்புக் குறைத்து வைத்த மீன்குழம்பும் முருங்கைக்கீரைப் பொரியலும் இருந்தன. தட்டை வைத்துப் பரிமாறியபடியே ஜெரார்டின் காதுக் கட்டைப் பார்த்தாள்.

“வலிக்குதா?”

“இல்லக்கா. கண்ணாடிதான் நிக்க மாட்டேங்குது. ஒரு பக்கமா வழுக்குது.”

“டாக்டர் வேற என்ன சொன்னாங்க?”

“மாத்திரையைப் பாதியாக்கிட்டாங்க.”

கரண்டி நின்றது. “எந்த மாத்திரை?”

“எட்டு மணி மாத்திரை.”

“பாதியா? அப்ப அவ?”

ஜெரார்ட் சோற்றைப் பிசைந்தார். கீழே விளையாட்டுத் திடலில் யாரோ பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“கல்லறைகூடப் பதினஞ்சு வருஷந்தான் ஜெரார்ட்,” என்றாள் ஜோசபின். “அப்புறம் தோண்டி எடுத்துருவாங்க. எங்கம்மாவை எடுத்தப்ப நானும் அவளும்தான் போய் நின்னோம். ஒரு சின்னப் பெட்டிக்குள்ள போட்டுக் குடுத்தாங்க. அவளுக்கும் அதுதான். இது ஒண்ணுதான் அவ உயிரோட இருக்கிற இடம்.”

“தெரியும்க்கா.”

“பழைய மாத்திரை வீட்ல இருக்குல்ல?”

“ரெண்டு மாசத்துக்கு இருக்கு. புதுசா வேற குடுத்திருக்காங்க.”

“அப்புறம் என்ன? காதைத்தான் அறுத்து எடுத்துட்டாங்களே. வந்தது போயிருச்சு. மாத்திரையைக் குறைக்காதே. நீ பாட்டுக்குப் போடு. அபிகிட்ட சொல்ல வேணாம்.”

ஜெரார்ட் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, அலமாரியில் பழைய பெட்டியை எடுத்துப் புதிய பெட்டிக்குப் பின்னால் வைத்தார்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் அவர் முழு மாத்திரைதான் போட்டார். அபிகேலின் கண்முன்னே பாதி, அவள் குளிக்கப் போன பிறகோ வேலைக்குக் கிளம்பிய பிறகோ மீதிப் பாதி. ரத்தம் எடுக்கும் தேதி அவருக்குத் தெரியும். அதற்கு நான்கு நாள் முன்னால் மட்டும் உண்மையாகவே குறைத்துக்கொள்வார். முடிவைப் பார்த்து வைதேகி, “அளவு சரியா இருக்கு, கிட்னியும் அருமையா வேலை செய்யுது” என்றபோது ஜெரார்டுக்கு மிரண்டாவைப் பாராட்டியதுபோல இருந்தது. வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னார்.

கம்பெனியில் அவரை வெயிலில் விடவில்லை. கொள்கலனையே அறையாக்கிய தள அலுவலகத்தில் ஏர்கான் போட்டு, அர்ஃபான் எழுதிவரும் எண்களைக் கணினியில் ஏற்றச் சொன்னார்கள். முப்பத்து மூன்று வருஷம் நின்றவருக்கு உட்காருவது கஷ்டமாக இருந்தது. தேநீர் நேரத்தில் அர்ஃபான் வந்து, “இப்ப கோல் பிடிக்கிற கதிரேசன் நல்ல மனுஷன்தாண்ணே. ஆனா பத்து நிமிஷத்துக்கு மேல குமிழி நிக்க மாட்டேங்குது,” என்பான். இருவரும் சன்னல் வழியாகக் கதிரேசனைப் பார்ப்பார்கள். தலையிலும் காதிலும் துண்டைச் சுற்றி, அதற்குமேல் ஹெல்மெட் போட்டுக்கொண்டு மஞ்சள் மண்ணில் ஒற்றையாக நின்றிருப்பார். அவருக்கு இந்த நோய் வராது என்று ஜெரார்ட் நினைத்துக்கொள்வார். அவர் உடம்புக்குள் யாருக்கும் இடம் விடவில்லை.

ஐந்தாம் மாதம் சவரம் செய்யும்போது இடது கழுத்தில், தாடைக்குக் கீழே, பிளேடு ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. கோலிக்குண்டு அளவு இருந்தது. அசைக்க வரவில்லை.

வைதேகியின் அறையில் இந்தத் தடவை இன்னொரு டாக்டரும் இருந்தார், புற்றுநோய்ப் பிரிவிலிருந்து வந்தவர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை வைதேகி தமிழில் சொன்னார். காதில் இருந்த அதே நோய். கழுத்தில் மூன்று கட்டி, நெஞ்சுக்குள் கத்தி போகமுடியாத இடத்தில் ஒன்று.

“மாத்திரையைக் குறைச்சும் இவ்வளவு வேகமா வந்திருக்கேன்னுதான் எங்களுக்கு ஆச்சரியமா இருக்கு,” என்றார்.

அபிகேல் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் அதிர்ச்சி இல்லாததைக் கவனித்தாள்.

“ஒரு மருந்து இருக்கு. மூணு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தக்குழாய்ல ஏத்தணும். அது நேரா கட்டியை அழிக்காது அங்கிள். அடங்கிக் கிடக்கிற உங்க எதிர்ப்பு சக்தியை எழுப்பிவிடும். எழுந்தா அது கட்டியைத் தேடிப் போகும். ஏறக்குறையப் பாதிப் பேருக்குச் சுருங்குது.”

“எழுந்தா கட்டியை மட்டுந்தான் தேடிப் போகுமா?”

வைதேகி சுற்றி வளைக்கவில்லை. “இல்ல. பத்துப் பேர்ல நாலு பேருக்குக் கிட்னி போயிடுது. போனா டயாலிசிஸ்தான்.”

“வேணாம் டாக்டர்,” என்றார் ஜெரார்ட். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். கண்ணாடி சரிந்தது. அதைப் பிடித்தபடியே வெளியே போனார்.

அந்த ஞாயிறு பூசைக்குப் பிறகு மூன்று பேரும் கிளமெண்டி வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஜோசபின் சுடச்சுட இட்லி எடுத்து வைத்தாள். யாரும் தொடவில்லை. வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. சன்னலுக்கு வெளியே நீட்டித் துணி காயப்போட்ட கம்பங்களை உள்ளே இழுக்கும் சத்தம் மாடிக்கு மாடி கேட்டது.

“ப்பா, டயாலிசிஸ் ஒண்ணும் எண்ட் ஆஃப் த வேர்ல்ட் இல்ல,” என்றாள் அபிகேல். “நம்ம பிளாக்குக்குக் கீழயே சென்டர் இருக்கு. வாரத்துக்கு மூணு நாள் போயிட்டு வரலாம். நான் ஷிப்ட் மாத்திக்கிறேன்.”

“எனக்கு டயாலிசிஸ் பயம் இல்ல அபி. ரெண்டு வருஷம் பண்ணியிருக்கேன், உனக்கு விவரம் தெரியாத வயசுல.”

“அப்புறம் என்ன பயம்?”

“உங்கம்மாவை நானே கொல்லணும்னு சொல்றியே.”

“அம்மா செத்துட்டாங்க.” அவள் குரல் உயரவில்லை. “நாலு வருஷமாச்சு. நான்தான் உங்ககூட ஆஸ்பத்திரில நின்னேன். நான் பார்த்தேன்.”

“எனக்குள்ள இருக்கா.”

“கிட்னி இருக்கு. அம்மா அதை உங்களுக்குக் குடுத்தாங்க, நீங்க உயிரோட இருக்கணும்னு. அதைப் பத்திரமா வச்சிருங்கன்னு உங்ககிட்ட குடுக்கல. அதுக்காக நீங்க செத்தா, அதுவும் உங்ககூடத்தானே போகும்? அப்ப யார் மிச்சம்? நான் மட்டும் இந்த வீட்ல உட்கார்ந்து அந்த போன் அடிக்கிறதைக் கேட்டுக்கிட்டு இருக்கணுமா?”

அபிகேல் எழுந்து அலமாரியைத் திறந்தாள். புதிய பெட்டிக்குப் பின்னால் இருந்த பழைய பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதில் ஒரு மாத்திரைகூட இல்லை. அதற்குள் மடித்துத் திணித்த வெற்று அட்டைகள் கத்தையாக இருந்தன.

“நேத்துத்தான் பார்த்தேன்,” என்றாள். “நாலு மாசமா டபுளா போட்டிருக்கீங்க. டாக்டர் ஆச்சரியமா இருக்குன்னாங்க. உங்களுக்கு ஆச்சரியமா இல்ல. ஏன்னு இப்பப் புரியுது.”

மழை இறங்கியது. சன்னல் வழியாகச் சாரல் தரையில் தெறித்தது. யாரும் எழுந்து அடைக்கவில்லை.

“அவனை ஏன் கேக்கிறே,” என்றாள் ஜோசபின். “நான்தான் சொன்னேன்.”

அபிகேல் திரும்பினாள்.

“குறைக்காதே, முழுசாப் போடு, உன்கிட்ட சொல்லாதேன்னு நான்தான் சொன்னேன். இதே இடத்துல உட்கார்ந்து சொன்னேன்.”

“பெரியம்மா.”

“என் கண்ணு முன்னாடி விழுந்தா அபி. முருங்கைக்காய் கையிலேயே இருந்துச்சு. நான் கடைக்கு இந்தப் பக்கம், அவ அந்தப் பக்கம். கூடையெல்லாம் தாண்டிப் போய்த் தூக்குறதுக்குள்ள கண்ணு சொருகிருச்சு. என்னால அவளைப் பிடிக்க முடியல. இதையாவது பிடிச்சு வச்சுக்கலாம்னு பார்த்தேன்.” அவள் முந்தானையால் முகத்தைத் துடைக்கவில்லை. கண்ணீர் அது பாட்டுக்கு இறங்கியது. “உங்கப்பன் கழுத்துல இது வரும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் சொல்லாம இருந்திருப்பேனான்னு தெரியல. அதுதான் எனக்குப் பயமா இருக்கு.”

அபிகேல் கைப்பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனாள். மின்தூக்கிக்குக் காத்திருக்காமல் ஒன்பது மாடியும் படியிலேயே இறங்கிப் போகும் சத்தம் கேட்டது.

ஜோசபின் இட்லித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பிறகு ஜெரார்டின் எதிரே வந்து நின்றாள். வழக்கமாகக் கையை வைக்கும் இடத்தைப் பார்த்தாள். கையை வைக்கவில்லை.

“ஊசியைப் போட்டுக்க ஜெரார்ட்.”

“அக்கா...”

“போட்டுக்க. அவகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

செவ்வாய்க்கிழமை வைதேகியைப் பார்த்து ஜெரார்ட் எல்லாவற்றையும் சொன்னார். மாத்திரை விஷயம், ரத்தம் எடுக்கும் நாட்களை ஏமாற்றியது, எல்லாம். வைதேகி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவரிடம், “இப்பவாவது சொன்னீங்களே” என்றார். அபிகேல் பக்கத்தில் இருந்தாள். அவள் அப்பாவோடு பேசினாள், பெரியம்மாவின் அழைப்புகளை மட்டும் எடுக்கவில்லை.

எதிர்ப்பு சக்தி எழுவதற்காக, எட்டு மணிக்குப் போடும் மாத்திரைகளில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நின்றது. முதல் மருந்து ஏற்றிய அன்று ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து நாற்காலியில் ஒரு சீனப் பெரியவர் குதிரைப் பந்தயத் தாளைப் படித்துக்கொண்டிருந்தார். ஏசி குளிர் தாங்காமல் ஜெரார்ட் இரண்டு போர்வை கேட்டு வாங்கி, ஒன்றை மடித்து வலப்பக்க அடிவயிற்றில் வைத்துக்கொண்டார். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்தபடி இருந்தார். சத்தமில்லாமல் யாரையோ எழுப்பப் போகிறார்கள். எழுந்தவனுக்குத் தன் வீட்டில் பதினாறு வருஷமாக யார் இருக்கிறார் என்றே தெரியாது.

இரண்டாவது தடவை ஏற்றிப் பத்து நாளில் கழுத்துக் கட்டி தொட்டால் தெரியாத அளவுக்கு அமுங்கிவிட்டது. காலைச் சவரத்தில் பிளேடு நேராக இறங்கியது. ஜெரார்ட் இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டு அபிகேலைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் தொட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே குளியலறை வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்கு மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. பாதம் இரண்டும் வீங்கின. சிறுநீர் ஒரு நாளைக்கு ஒரு குவளைகூட இல்லை. வலது அடிவயிறு கல் மாதிரி இறுகி, தொட்டால் சுட்டது. பதினாறு வருஷத்தில் அந்த இடம் அவருக்கு வலித்ததே இல்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை சோபாவில் சாய்ந்து, அந்த இடத்தைச் சுற்றிக் கையை வைத்துக்கொண்டிருந்தார். மேல்படாமல், சுற்றி.

“ரொம்ப வலிக்குதா ப்பா?” என்றாள் அபிகேல்.

“எனக்கு இல்ல.” பல்லைக் கடித்துக்கொண்டார். “நான்தான் அடிக்கிறேன். என் ரத்தந்தான் போய் அவளை அடிக்குது. யாருன்னு தெரியாம அடிக்குது.”

அப்போது மணி எட்டு. மேசையில் கைப்பேசி அதிரத் தொடங்கியது. அபிகேல் எழுந்து போய், அலாரத்தை நிறுத்தவில்லை, போனையே அணைத்தாள். ஜெரார்ட் அதைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

காப்பாற்ற என்ன செய்யமுடியுமோ அதையெல்லாம் செய்து பார்த்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. காய்ச்சல் நிற்காததால் சிறுநீரகத்தை வெளியே எடுத்துவிட வேண்டும் என்று வைதேகி சொன்னபோது ஜெரார்ட் கையெழுத்துப் போட்டார். அறுவைக்கு முந்தின நாள் மத்தியானம் ஜோசபின் வந்தாள். அபிகேல் தாழ்வாரத்தில் அவளைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் உள்ளே இருந்த ஒரே நாற்காலியை அபிகேல் பெரியம்மாவுக்கு இழுத்துப் போட்டாள். ஜோசபின் ஜெபமாலையை எடுத்து ஐம்பத்து மூன்று மணியும் உருட்டி முடித்தாள். கடைசியில் குனிந்து, ஜெரார்டின் போர்வையிடம், அவர் முகத்தைப் பார்க்காமல், ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை. சொல்லிக்கொள்கிறேன் என்றவள், சொன்னாள்.

எடுத்த பிறகு ஜெரார்டுக்கு அந்தப் பக்கம் தட்டையாகிவிட்டது. வீட்டுக்கு வந்த முதல் வாரம் தூக்கத்தில் வலப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டு, பதறி விழித்துக்கொண்டார். பிறகு, அப்படியே படுத்திருந்தார்.

மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்தார்கள். அதன்பின் பிளாக்குக்குக் கீழே இருக்கும் சென்டரில் இடம் கிடைத்தது. திங்கள், புதன், வெள்ளி, காலை ஏழு மணி. முதல் நாள் அபிகேல் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனாள். உள்ளே வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு இயந்திரம், சிவப்புக் குழாய்கள் சுற்றிக்கொண்டு. கழுத்துக் கட்டி மறைந்துவிட்டது, நெஞ்சில் இருந்தது பாதியாகியிருந்தது, அடுத்த மருந்து அடுத்த வாரம். இதையெல்லாம் அபிகேல் ஒரு கோப்பில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

அங்கிருந்த தாதி தமிழ் முஸ்லிம் பெண். நாற்பது வயதிருக்கும். சட்டையில் பதுருன்னிசா என்று எழுதியிருந்தது. ஜெரார்டின் மார்பில் பொருத்தியிருந்த குழாயின் மூடிகளைத் துடைத்தபடியே, புதிதாக வருகிறவர்களிடம் கேட்கும் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, அருகில் இருந்த திரையில் பதிந்துகொண்டிருந்தாள். என்ன வேலை பார்த்தீர்கள், எதற்கு அலர்ஜி, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள்.

“வீட்ல சமைக்கிறது யாரு அங்கிள்? சாப்பாட்டு விஷயமெல்லாம் அவங்ககிட்ட சொல்லணும். ஆன்ட்டியா?”

“மகதான். சில நாள் மனைவியோட அக்கா வந்து செஞ்சு குடுப்பாங்க.”

“ஆன்ட்டி இல்லையா?”

“இல்லம்மா. இறந்துட்டா.”

பதுருன்னிசா நிமிர்ந்தாள். “சாரி அங்கிள். எப்ப?”

ஜெரார்ட் இயந்திரத்தின் சக்கரம் சுழலத் தொடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போன மாசம்,” என்றார்.

தாதி அபிகேலைப் பார்த்தாள். அபிகேல் திருத்தவில்லை. நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அப்பாவின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அவர் குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார், நேற்றுத்தான் அடக்கம் முடிந்த வீட்டு மனிதரைப் போல.